ஆடுகிற கல்

1

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதை ஆரம்பித்தால் என்னை மரியாதையான ஆள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடும்.

போன மாதம், என் மனைவி எஸ்தரின் கல்லறைக்கு அபராதச் சீட்டு ஒட்டிவிட்டார்கள் என்று நினைத்து, கல்லறைத் தோட்ட அலுவலகத்துக்குச் சண்டைக்குப் போனேன்.

நான் இருப்பது ஜெர்மனியில், பெயரைச் சொன்னாலும் உங்களுக்கு ஞாபகம் நிற்காத ஒரு நடுத்தர ஊரில். இங்கே வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தினால் கண்ணாடியில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போவார்கள். பதினைந்து வருஷமாக இந்த அரசாங்கத்துக்கும் எனக்கும் உள்ள எழுத்துத் தொடர்பு பெரும்பாலும் அந்தச் சீட்டுதான். அன்றைக்கு எஸ்தர் போய் ஒரு வருஷம். பூத்தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், கல்லின் நெற்றியில் மஞ்சளாக ஒரு சீட்டு. அதில் நீள நீளமான வார்த்தைகள். ஜெர்மன்காரர்கள் ஒரு வார்த்தைக்குள் இன்னொரு வார்த்தையை ஏற்றுவது, முகூர்த்த நாளில் சேந்தமங்கலத்தில் மலை பஸ்ஸுக்கு ஆள் ஏற்றுவது மாதிரி. கடைசி ஆள் படியில் தொங்குவார். நான் அந்தப் படியில் தொங்கியவரை மட்டும் படித்தேன். ‘உடனே’ என்று இருந்தது. எனக்கு அது போதும்.

அலுவலகத்தில் இருந்த அம்மாள் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மாட்டியிருப்பவர். என்னை அவருக்குத் தெரியும். ஏன் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

“என் மனைவி எங்கேயும் வண்டி நிறுத்தவில்லை. அவளுக்கு வண்டியே ஓட்டத் தெரியாது. ஒரு வருஷமாக அவள் அசையக்கூட இல்லை” என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில், தெரியாத இலக்கணத்தில்.

அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“அவர் அசையவில்லை” என்றார். “கல் அசைகிறது.”

விஷயம் இதுதான். இந்த ஊரில் ஒவ்வொரு பனிக்காலம் முடிந்ததும் நகராட்சி ஆட்கள் இரண்டு பேர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு வந்து, ஒவ்வொரு கல்லறைக் கல்லையும் கையால் தள்ளிப் பார்ப்பார்கள். ஆடுகிற கல் யார் காலிலாவது விழுந்துவிடக் கூடாது. ஆடினால் மஞ்சள் சீட்டு. புதுக் குழி என்றால் முதல் வருஷம் மண் அமுங்கும், கல் ஆடத்தான் செய்யும், பயப்பட வேண்டாம் என்றார் அந்த அம்மாள். கல் வேலைக்காரரின் விலாசம் கொடுத்தார். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, திரும்பக் கல்லறைக்குப் போய், பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, நானும் ஒரு தடவை தள்ளிப் பார்த்தேன்.

ஆடியது.

2

என்னைப் பற்றி. கொல்லிமலையில் பெரக்கரை நாட்டுக்காரன். கீழே இறங்கி நாமக்கல்லில் லாரிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். வடநாட்டுக்குப் போகிற லாரிகளின் பின்பக்கத்தில் தாமரையும் மயிலும் ‘ஒலி எழுப்பவும்’ என்பதும் எழுதினவன். இந்தியா முழுக்க என் கையெழுத்து ஓடியிருக்கிறது என்று எஸ்தரிடம் பீற்றிக்கொள்வேன். “பின்னால ஆரன் அடிச்சுட்டே ஓடியிருக்குதுங்க” என்பாள்.

மலையில் எங்கள் சபை சின்னது. ஓட்டுக் கூரை, ஒரு மணி, மாதம் ஒரு நாலு பக்கத் தாள். அதில் ஜெப வேண்டுதல், பிறந்தநாள் வாழ்த்து, கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் என் கேலிப்படம். வேதாகமத்தில் இருக்கிற எல்லாரையும் நான் கொல்லிமலைக்குக் குடியேற்றியிருந்தேன். பேதுரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு மலை பஸ்ஸில் வாந்தி வராமல் உட்கார்ந்திருப்பார். “ஆண்டவரே, இந்த டிரைவர நான் எத்தன தரமுங்க மன்னிக்கறது?” என்பார். முன்சீட்டிலிருந்து பதில் வரும்: “வளைவுக்கு ஏழு தரம்.” எழுபது வளைவு, வளைவுக்கு ஏழு. ‘ஏழெழுபது தரம் மன்னி’ என்கிற வேதாகமக் கணக்கு அப்படியே சரியாக வருகிறதா என்று சபையில் பலபேர் விரல்விட்டுப் பார்த்தார்கள். அதுதான் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த படம்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன். ஆண்டவரின் முகத்தை வரைய மாட்டேன். பக்தி என்று வெளியே சொல்வேன், உண்மையில் பயம். மூக்கு கோணினால் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? அதனால் கட்டத்தின் ஓரத்தில் கால்கள் மட்டும் வரும். டயர் செருப்பு, பாதத்தில் ஆணித் தழும்பு. பேச்சு அந்தக் கால்களுக்கு மேலேயிருந்து வரும். ஜனங்கள் பழகிவிட்டார்கள். புதுத்தாள் வந்ததும் பிள்ளைகள் முதலில் ஓரத்தைத்தான் பார்க்கும், கால் எங்கே என்று.

எஸ்தர் அரியூர் நாடு. நர்சிங் படித்துக்கொண்டிருந்தவள் லீவுக்கு வந்தபோது எங்கள் சபைக்கு வந்தாள். அந்த மாதத் தாளில் நோவாவின் பேழை. பேழைக்குள் ஜோடி ஜோடியாக மிருகங்கள் ஏறுகின்றன, காட்டுப்பன்றி ஜோடி ஏறும்போது குச்சிக்கிழங்கு போட்ட ஒரு விவசாயி கையெடுத்துக் கும்பிடுகிறார்: “சாமி, இந்த ரெண்ட மட்டும் உட்டுப்போட்டு கதவச் சாத்திருங்க.” சபையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் தாளோடு நேராக என்னிடம் வந்தாள்.

“ஏனுங்க, காட்டுப்பன்னி ஓடறப்ப வால நட்டுக்கிட்டு ஓடுமுங்க. நீங்க சுருட்டி வெச்சிருக்கறீங்க. அடுத்த தரம் மாத்திட்டு அனுப்புங்க.”

எங்கள் கல்யாணப் பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது. அதற்கப்புறம் இருபத்திச் சொச்சம் வருஷம், அவள் பார்க்காமல் ஒரு படமும் என் கையை விட்டுப் போகவில்லை. பிடித்திருந்தால் சத்தமில்லாமல் தோள் குலுங்கும். பிடிக்காவிட்டால் அதே வார்த்தை. மூக்கு பெருசு, மாத்திட்டு அனுப்புங்க. ஆட்டுக்கு அஞ்சு காலு, மாத்திட்டு அனுப்புங்க. அவள் சொன்னால் மாற்றுவேன். இது சபை முழுக்கத் தெரியும்.

3

இங்கே முதலில் வந்தவள் அவள்தான். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. பின்னாலேயே நானும், எங்கள் மகள் நாலு வயது ஹெப்சியும், ஒரு டப்பா லாரி பெயின்ட்டும். பெயின்ட்டை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்கள். எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை. கதவு திறப்பது, பல்பு மாற்றுவது, பனி வாருவது, பையன்கள் கழிப்பறைக் கதவில் வரைந்த படங்களை அழிப்பது. அழிப்பதற்கு முன்னால் கொஞ்சம் நின்று பார்ப்பேன். சிலதில் திறமை இருக்கும்.

எஸ்தருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆனால் ரப்பர் செருப்பை விடமாட்டாள். கம்பளிச் சாக்ஸ், அதன்மேல் ரப்பர் செருப்பு. விரல் வாருக்காகச் சாக்ஸை முன்னால் பிளவாக இழுத்துவிட்டுக்கொள்வாள். பார்த்தால் ஆட்டுக் குளம்பு மாதிரி இருக்கும். சிவப்புச் சாக்ஸ். அதைப் போட்டுக்கொண்டு பனியில் குப்பை கொட்டப் போவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலில் நின்று பார்ப்பார்கள். “பாக்கட்டுமுங்க, அவங்களுக்கும் பொழுது போவோணுமில்ல” என்பாள்.

ஹெப்சி எட்டு வயதில் ஒருநாள் பள்ளியில் மாட்டிக்கொண்டாள். மத வகுப்பில் இயேசுவை வரையச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் தாடி, நீள முடி, நீல அங்கி. இவள் தாளின் ஓரத்தில் இரண்டு கால் மட்டும் வரைந்து கொடுத்துவிட்டாள். டயர் செருப்பு. ஆணித் தழும்பு. மிச்சம் வெள்ளைத் தாள்.

எங்களை வரச்சொல்லிக் கடிதம் வந்தது. போனால் ஆசிரியையோடு ஒரு மனநல ஆலோசகரும் உட்கார்ந்திருக்கிறார். குழந்தை ஏதாவது விபத்தைப் பார்த்ததா, வீட்டில் யாராவது இறந்துபோனார்களா, உயரத்திலிருந்து யாராவது தொங்குவதைப் பார்த்திருக்கிறாளா என்றெல்லாம் ரொம்ப மென்மையாகக் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் என் தொடையைக் கிள்ளிவிட்டு, முதியோர் இல்லத்து ஜெர்மனில், வயசானவர்களுக்கு மாத்திரை விளக்குவது போல நிதானமாகச் சொன்னாள்: “எங்கள் வீட்டில் ஆண்டவர் எப்போதும் பக்கத்தில்தான் நிற்பார். பக்கத்தில் நிற்கிறவரின் கால்தான் தெரியும்.”

ஆலோசகர் அதை எழுதிக்கொண்டார். எனக்கு அது புதுச் செய்தி. என் பயத்துக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கிறது என்று அதுவரை எனக்கே தெரியாது. வரும் வழியில் பஸ்ஸில் ஹெப்சி கேட்டாள், “நான் தப்பா வரைஞ்சனா?” அவள் அம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “கட்டவெரல் பெருசு கண்ணு. மத்ததெல்லாம் சரி.”

அந்தப் பிள்ளைக்குப் பதினாலு வயதானபோது, சர்ச்சுக்கு வரவில்லை என்றாள். சண்டை இல்லை, காரணம் இல்லை. “எனக்கு வேணாம்” என்றாள், சாப்பாட்டில் கத்தரிக்காயை ஒதுக்குவது போல. என் படங்களை மட்டும் பார்ப்பாள். தமிழ் எழுத்து படிக்க வராது. அம்மா வாசித்துச் சொல்ல வேண்டும். வாசிக்கிறவளுக்கும் கேட்கிறவளுக்கும் ஒரே மாதிரி தோள் குலுங்கும். சத்தம் வராது.

4

எஸ்தரின் நோயைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது ஆறு மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியில், ரப்பர் செருப்பு வெளியே துருத்திக்கொண்டிருந்த அவளுடைய பையைக் கொடுத்தபோது, அதை வாங்க என் கை நீளவில்லை. ஹெப்சி வாங்கிக்கொண்டாள். தன் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதில் என்னென்ன இருந்தது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மலையில் மற்ற சபைகளில் இருக்கிறதா என்று தெரியாது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டார் சோறு கொண்டுவருவார்கள். வீட்டுக்காரர்கள் தொட மாட்டார்கள். அப்போது யாராவது ஒருத்தர் செத்துப்போனவரைப் பற்றி ஒரு சிரிப்பு சொல்ல வேண்டும். சிரித்துவிட்டால் தொண்டை இளகும், முதல் வாய் உள்ளே போகும். என் அப்பா செத்த அன்றைக்கு என் அம்மா கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “அண்ணன் ஜெபம் பண்ண ஆரம்பிச்சா ஆமென் வர்றதுக்குள்ள களி கல்லாயிப் போயிருமுங்க. பரலோகத்துல இந்நேரம் அத்தன பேரும் பட்டினி.” அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, இரண்டுக்கும் நடுவில் சோறு இறங்கியது. நான் பார்த்தேன்.

அதனால் எஸ்தருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கே அடக்க ஆராதனைக்கு ஒரு தாள் அச்சடிப்பார்கள். பாட்டு, ஜெபம், பிறந்த தேதி, இறந்த தேதி. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நான் வரைந்தேன். பரலோகத்து வாசல். சாவியோடு பேதுரு. எஸ்தர் நர்ஸ் உடுப்பில், அந்தச் சாக்ஸ், அந்தச் செருப்பு. உள்ளே போகாமல் குனிந்து பேதுருவின் காலை அமுக்கிப் பார்க்கிறாள்: “ரெண்டாயிரம் வருசமா நின்னுட்டே இருக்கறீங்களா? கால் எப்படி வீங்கியிருக்குது பாருங்க. உக்காருங்க மொதல்ல.” கீழே ஜெர்மனில் நானே மொழிபெயர்த்தேன். ‘உக்காருங்க’வுக்கு நான் போட்ட வார்த்தையை இந்த நாட்டில் நாய்க்கு மட்டும்தான் சொல்வார்களாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடக்கத்துக்குப் பின் காப்பியும் கேக்கும். நான் எழுந்து நின்று, தாளைத் திருப்பிப் பாருங்கள் என்றேன். அறுபது பேர் திருப்பினார்கள். காகிதச் சத்தம் மட்டும் கேட்டது. எஸ்தர் பார்த்துக்கொண்ட முதியோர் இல்லத்துப் பாட்டியம்மா ஒருவர் மட்டும் சக்கர நாற்காலியில் இருமல் வரும்வரை சிரித்தார். மற்றவர்கள் கேக்கைப் பார்த்தார்கள். போதகர் மிகவும் நல்லவர். தன் ஷூவைப் பார்த்தார். ஹெப்சி தன் தாளை நாலாக மடித்துக் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

பின்னாலேயே ஓடினேன். கார் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தாள்.

“கண்ணு, நம்ம ஊர்ல இப்பிடித்தான். சிரிச்சாத்தான் சோறு...”

“அது உன் ஊரு. நான் அங்க இல்ல.”

“அம்மா இருந்தா சிரிச்சிருப்பாடா.”

“அம்மா செத்துட்டாங்கப்பா. நீ அவங்கள ஜோக்காக்கிட்ட. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

கேட்கவில்லை. யாரிடம் கேட்பது? நான் கேட்டுப் பழகிய ஒரே ஆள் அன்றைக்குப் பெட்டிக்குள் இருந்தாள்.

அந்த வாரம்தான் கல்லறைத் தோட்ட அலுவலகத்தில் அந்தக் கண்ணாடிச் சங்கிலி அம்மாளை முதலில் பார்த்தேன். இங்கே கல்லறை சொந்தம் கிடையாது, குத்தகைதான். காட்டைக் குத்தகைக்கு விடுகிற மாதிரி. இருபது வருஷம், வேண்டுமானால் நீட்டிக்கலாம் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். “எங்கள் நம்பிக்கைப்படி அவள் அதற்கு முன்னாலேயே எழுந்து வந்துவிடலாம். அப்போது என்ன செய்வது?” என்று கேட்டேன். அவர் கணினியில் எதையோ தேடிப் பார்த்தார். “அதற்குத் தனி விண்ணப்பம் எதுவும் இல்லை” என்றார், நிஜமான வருத்தத்தோடு. அந்த வாரம் முழுக்க எனக்கு வந்த ஒரே சிரிப்பு அது. வீட்டில் யாரிடம் சொல்வது என்று வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். பிறகு கதவைத் திறந்தேன்.

5

அதற்கப்புறம் ஹெப்சி படிப்புக்காக வேறு ஊருக்குப் போய்விட்டாள். கோபமாக இருக்கிறாள் என்று சொல்ல முடியாது. கோபம் என்றால் நாலு வாக்கியமாவது வரும். நான் செய்தி அனுப்பினால் பதில் வரும். “ம்.” “சரி.” “வேலை.” “பாக்கலாம்.” கட்டைவிரல் படம். சாப்பிட்டாயா என்றால் “ம்”. குளிர்கிறதா என்றால் “இல்ல”. ஒரு வருஷமாக என் மகளிடமிருந்து ஒரு முழு வாக்கியம் வரவில்லை. முதல் வருஷ நினைவு நாளுக்கு வருகிறாயா என்று கேட்டேன். “பரீட்சை.”

நான் வரைவதையும் நிறுத்திவிட்டேன். நிறுத்தினேன் என்றால் கௌரவமாக இருக்கிறது. வரவில்லை, அவ்வளவுதான்.

மஞ்சள் சீட்டைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினேன், எங்கள் தானியேல் பாஸ்டருக்கு. என்னைவிடச் சின்னவர், தாளை அச்சுக்குக் கொடுப்பவர். இங்கே கல்லையும் ஆட்டிப் பார்க்கிறார்கள் என்று எழுதினேன். குரல் பதிவாகப் பதில் வந்தது. பின்னால் ஜீப் சத்தம்.

“ஸ்தோத்திரமுங்கண்ணா. கல்லு ஆடறத கேட்டு மனசு ஆடிப்போச்சுங்க. சரி, அத உடுங்க. ஈஸ்டர் தாளு இந்த வாரம் அச்சுக்குப் போவுதுங்கண்ணா. நாங்க இன்னும் கட்டத்த எடுக்கலீங்க. படம் இல்லாட்டியும் கட்டத்த மட்டும் போட்டுத்தான் அடிக்கறோம், ஒரு வருசமா. எடுத்துப்போட்டு வசனம் போட்டறலாமான்னு கமிட்டில கேட்டாங்க. அரியூர்ல இருந்து வர்ற அம்மா ஒருத்தங்க எந்திரிச்சு, ‘எஸ்தரு இன்னும் சரின்னு சொல்லலியாட்ட இருக்குது, கட்டம் இருக்கட்டும்’னுட்டாங்க. அதோட கூட்டம் முடிஞ்சுதுங்க. நீங்க அனுப்பலீன்னாலும் பரவால்லீங்கண்ணா. கட்டம் இருக்கும்.”

பள்ளிக்கூடத்துப் பாய்லர் அறையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அங்கே எவ்வளவு சத்தம் போட்டாலும் வெளியே கேட்காது.

6

ஒன்று சொல்ல வேண்டும். சிரிக்காமல் விசுவாசிக்க எனக்குத் தெரியாது. சிலர் பாடுவார்கள், சிலர் உபவாசம் இருப்பார்கள். எனக்கு ஆண்டவரைத் தெரிந்தது எல்லாம் அந்தக் கட்டத்துக்குள்தான். டயர் செருப்புப் போட்டுக்கொண்டு மலை பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறவராகத்தான். சிரிப்பு போனபோது அவரும் எந்த நிறுத்தத்திலோ இறங்கிவிட்டார் போலிருந்தது. ஒரு வருஷம் நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்குப் போய், எழுந்திருக்கச் சொன்னபோது எழுந்து, உட்காரச் சொன்னபோது உட்கார்ந்தேன். தலைக்கவசக்காரர்கள் வந்து என்னைத் தள்ளிப் பார்த்திருந்தால் எனக்கும் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருப்பார்கள். உரியவர் உடனே தொடர்புகொள்ளவும் என்று.

அந்த ஞாயிறு மத்தியானம் சமையலறை மேசையில் தாளை விரித்தேன். கட்டம் போட்டேன். கை தானாகவே போனது.

ஆண்டவர் உயிர்த்தெழுந்த விடியற்காலை. மூன்று பெண்கள் உடலுக்குப் பூசச் சுகந்தவர்க்கத் தூக்குச் சட்டியோடு கல்லறைக்கு வருகிறார்கள். வாசலை மூடியிருந்த கல் புரண்டு கிடக்கிறது. கல்லின் நெற்றியில் மஞ்சள் சீட்டு. பக்கத்தில் தலைக்கவசம் போட்ட இரண்டு நகராட்சி ஆட்கள், வெளிறிப்போய், கையைத் தூக்கிக்கொண்டு சொல்கிறார்கள்: “சத்தியமா நாங்க ஆட்டித்தான் பாத்தமுங்க. பொரட்டல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாக வந்தது. காலி வீட்டில் ஒரு ஆள் சிரிக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பழக்கதோஷத்தில் தாளை வலது பக்கம் நகர்த்திவிட்டேன், எஸ்தரின் நாற்காலிப் பக்கம். கொஞ்ச நேரம் அது அங்கேயே கிடந்தது.

பிறகு எடுத்து ஓரத்தில் கால் போட்டேன். டயர் செருப்பு, ஆணித் தழும்பு. கல்லறையை விட்டு வெளியே நடந்து போகிற கால்கள். பார்த்தால் தனியாகப் போகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் எஸ்தரை வரையலாம் என்று பார்த்தேன். முகம் வரவில்லை. மூக்கு வந்தது, அது என் மூக்கு. அழித்தேன். கண் வந்தது, பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை மாதிரி இருந்தது. அழித்தேன். தாள் நைந்து போனது. இருபத்திச் சொச்சம் வருஷம் தினமும் பார்த்த முகம். லாரிக்கு மயில் வரைந்தவனுக்கு அது வரவில்லை.

கடைசியில் கால்கள் மட்டும் போட்டேன். டயர் செருப்புக்குப் பக்கத்தில், ஒரே அடி வைத்து நடக்கிற ரப்பர் செருப்பு. விரல் வாருக்குள் பிளந்த கம்பளிச் சாக்ஸ். அது மட்டும் தடுமாற்றமில்லாமல் வந்தது. வண்ணப் பென்சில் எடுத்து, படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையாக விட்டுவிட்டு, மஞ்சள் சீட்டுக்கு மஞ்சளும் சாக்ஸுக்கு நல்ல சிவப்பும் அடித்தேன். நிறம் விஷயத்தில் என் கண் தப்பாது. தொழில் அது.

7

இந்தத் தடவை கேட்டேன். படத்தை ஹெப்சிக்கு அனுப்பினேன். படிக்க வராதே என்று, கட்டத்துக்குள் இருப்பதை நானே வாசித்து ஒரு குரல் பதிவும் அனுப்பினேன். நகராட்சி ஆட்கள் பேசுகிற இடத்தில் என் குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. திரும்பப் பதிவு செய்யலாமா என்று யோசிப்பதற்குள் அது போய்விட்டது. கீழே, அவளுக்குப் புரிகிற மாதிரி ஆங்கில எழுத்தில், ஒரு செய்தி எழுதினேன்.

“கண்ணு, இத ஊருக்கு அனுப்பட்டுமா? நீ வேணாம்னா வேணாம். கிழிச்சுப்போடறேன்.”

பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக இரண்டு கோடுகளும் நீலமாயின. பதில் இல்லை. ராத்திரி வரை இல்லை. காலையிலும் இல்லை. தானியேல் பாஸ்டர் ஒரு கேள்விக்குறி அனுப்பினார். கட்டம் காலியாகவே போகட்டும் என்று அவருக்குச் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போய் ஏணியைப் போட்டு, மூன்றாம் வகுப்பு அறையில் கண்ணடித்துக்கொண்டிருந்த குழல் விளக்கை மாற்ற ஏறினேன். கீழே பிள்ளைகள் என்னைச் சிரிக்கவைக்க முயற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஒரு கையில் பழைய விளக்கு. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

விளக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். ஹெப்சி. ஆங்கில எழுத்தில் தமிழ்.

“சாக்ஸ் நீலம், மாத்திட்டு அனுப்பு.”